அடிமணலில் ஓர் அயிரை

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்குப் போனால், மேலே நீந்துகின்ற வண்ண மீன்களைத்தான் நமக்குக் காட்டுவார்கள். அடியில் மணலோடு மணலாய்க் கிடக்கும் அயிரையை யாரும் காட்டுவதில்லை. கேட்டால், "அது குப்பை தின்னப் போட்டது" என்பார்கள்.

எனது தொட்டியில் ஆறு அயிரைகள் இருக்கின்றன. வயல் வாய்க்காலில் சாதாரணமாகக் கிடைக்கும் இனம்தான். சிங்களத்தில் ஏஹிராவா என்பர். விஞ்ஞானப் பெயர் லெபிடோசெபலிக்திஸ் தெர்மாலிஸ். வாயில் நுழையாத இந்தப் பெயரின் பின்பாதி நமது மண்ணிலிருந்து போனது. 1846இல் பிரெஞ்சு விஞ்ஞானி வலென்சியென் இம்மீனை விபரித்தபோது, அவருக்குக் கிடைத்திருந்தவை திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்று மீன்கள். வெந்நீரைக் குறிக்கும் 'தெர்மாலிஸ்' அப்படித்தான் வந்தது. கன்னியாவில் வாளி வாளியாய் அள்ளி ஊற்றிக் குளித்த நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்?

இதன் குடும்பத்தைக் கோபிட்டிடே என்கிறார்கள். கண்ணுக்குக் கீழே மடிந்து கிடக்கும் சிறு முள் இக்குடும்பத்தின் அடையாளம். பயந்தால் முள்ளை விரிக்கும். வலையால் அள்ளினால் சிக்கிக்கொள்ளும். மணலை வாயால் அள்ளி, இரையை எடுத்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியே உதிர்க்கும். கூரான கல் பரப்பிய தொட்டியில் பாவம், மீசை தேய்ந்துவிடும். நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே பாய்ந்து காற்றை விழுங்கும். அந்தக் காற்றைக் குடலே உறிஞ்சிக்கொள்ளும். குப்பை தின்ன வந்ததாய் நாம் நினைக்கும் பிராணியிடம் இத்தனை ஏற்பாடுகள்!

சென்ற மாதம் என் தங்கையின் மகன் வந்து, "மாமா, எனக்குக் கோமாளி லோச் ஒன்று வேணும்" என்றான். ஆரஞ்சு உடலில் மூன்று கரும்பட்டைகள் கொண்ட அழகன். அயிரைக்கு உறவுக்காரக் குடும்பம். சுமாத்ரா, போர்ணியோ ஆறுகளே அதன் ஊர். கடையில் இரண்டு அங்குலக் குஞ்சைக் காட்டி, இரண்டடித் தொட்டி போதும் என்றிருக்கிறார்கள். அது ஓர் அடி வரை வளரும். 20 வருடங்களுக்கு மேலும் வாழும். கூட்டமாய் வாழ்ந்து பழகியது. "நீ கலியாணம் முடித்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை அது உயிரோடிருக்கும். ஒன்றை மட்டும் வாங்கினால் அத்தனை காலமும் தனிமைச் சிறைதான். ஆறை வாங்க உன்னிடம் இடமில்லை" என்றேன். முகம் சுருங்கியது. பின், "உங்கட அயிரையில் நாலு தாங்களேன்" என்றான். கொடுத்தேன், மென்மணலும் கொடுத்தேன்.

யாருக்கும் கொடுக்க முடியாத அயிரையும் இந்நாட்டில் உண்டு. 1956இல் தெரணியகல விபரித்த புள்ளி அயிரை, நீர்வாழ் உயிர்களை ஆராய்ந்த ரொட்னி ஜொன்க்லாஸின் பெயரைத் தாங்கியது. உலகில் வேறெங்கும் இல்லை. தென்மேற்குக் காடுகளின் நிழல் விழும் ஓடைகளே அதன் வீடு. மரத்தை வெட்டி ஓடையை வெயிலுக்குக் காட்டிவிட்டு, மீனைக் கண்ணாடிப் பெட்டியில் காப்பாற்றுவோம் என்பது நடக்கிற காரியமல்ல. மருமகனுக்கு அடுத்ததாய் இதைத்தான் சொல்லவிருக்கிறேன்.