யாம் இறால் வளர்த்த வரலாறு

பிறிதோர் உயிரைப் பேணுதற்கு அன்பொன்றே போதுமென்று யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென எமக்கு உணர்த்தியவர் ஆசிரியரும் அல்லர், நண்பரும் அல்லர். ஓர் அங்குல நீளமே உள்ள பத்துச் சிவந்த இறால்களே எமக்கு அப்பாடத்தைக் கற்பித்தன.

சென்ற ஆண்டு ஜனவரித் திங்களில் அவற்றை வாங்கிவந்து, எம் வீட்டுக் கூடத்திலிருந்த கண்ணாடித் தொட்டியில் விட்டோம. செர்ரி இறால் என வழங்கும் இவற்றின் முன்னோர் சீனம், தாய்வான் முதலிய நாடுகளின் நன்னீர் ஓடைகளில் பாசி மேய்ந்து வாழ்வன. அங்கே அவை பளிங்கு போன்றும் மண்ணிறமாயும் இருக்கும். சிவப்பு மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததனால் அமைந்தது.

ஒவ்வோர் இனத்திற்கும் உரிய நீர் வேறு. செர்ரி இறாலுக்கு 20 முதல் 26 பாகை செண்டிகிரேடு உஷ்ணமும், 6.5 முதல் 8 வரையுள்ள பி.எச். அளவும் ஏற்றவை. தேனீ இறால் என்னும் மற்றோரினமோ 6-ஐ ஒட்டிய மென்னீரையே விரும்பும். செலிபிஸ் தீவின் மத்தானோ ஏரியில் வாழும் இறாலுக்கு 27 பாகைக்கு மேற்பட்ட வெம்மையும், 8-ஐ ஒட்டிய காரநீரும் வேண்டும்.

பி.எச். என்பது நீரின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் காட்டும் எண். 1909-ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் ஸோரன்ஸன் என்பார் இதனை வகுத்தார். 7 நடுநிலை, அதனிற் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். ஓர் எண் மாறின் அமிலத்தின் செறிவு பத்து மடங்கு மாறும். இதனை யாம் பாடமாகப் படித்திருந்தோம், பொருளாக உணர்ந்திலோம்.

எம் தொட்டி நீரை அளந்தபோது 7.8 எனக் காட்டிற்று. அது தகுந்த எல்லைக்குள் அடங்கியதே. ஆயினும் நடுநிலையே சிறந்ததென்று கருதி, அமிலத் துளிகள் சிலவற்றை விட்டு 6.8 ஆக்கினோம். மறுநாட் காலையில் பழைய அளவே மீண்டிருந்தது; மீண்டும் அமிலம் விட்டோம். இவ்வாறு ஐந்து நாள் கழிந்தன. அமிலமானது நீரிலுள்ள பைகார்பனேட்டைக் கரியமில வாயுவாக மாற்றுவதால் அளவு தாழும். அவ்வாயு காற்றிற் கலந்து நீங்கியதும் அளவு ஏறும். யாம் நீரைத் திருத்தவில்லை, ஊஞ்சலாட்டினோம். மூன்று இறால்கள் மாண்டன. அவற்றுள் ஒன்று, பிடரியருகே மேலோடு பிளந்தும் அதனை முற்றும் கழற்றமாட்டாது கிடந்தது. வளருந்தோறும் பழைய ஓட்டைக் கழற்றுவது இறாலின் இயல்பு. நீர் திடீரென மாறினால் அவ்வருஞ்செயல் தவறுதல் உண்டு.

பின்னர்க் கோடை வந்தது. உஷ்ணமானி 32 பாகை காட்டிற்று. 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் ஏறத்தாழ ஏழரையே தாங்கும். வெம்மையில் இறாலுக்கோ பிராணவாயு மிகுதியாக வேண்டும். யாம் பதறிப் பனிக்கட்டிகளை இட்டோம். ஒரு மணி நேரத்தில் 6 பாகை இறங்கிற்று; அன்று மாலைக்குள் மேலும் இரண்டு இறந்தன.

அதனைக் கண்ட எம் அன்னையார், "ஏனப்பா, நம் மண்பானையில் யார் பனிக்கட்டி போடுகிறார்கள்? அது தானாகக் குளிரவில்லையா?" என்றார். நீர் ஆவியாகுங்கால் வெம்மையைக் கவர்ந்து செல்லும் என்பதை யாம் தேர்விலெழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம்! உடனே மூடியை அகற்றி, வலை விரித்து, சிறு மின்விசிறியொன்றை நீர்ப்பரப்பை நோக்கி வைத்தோம். சிறிது சிறிதாக 28 பாகைக்கு இறங்கி நின்றது. ஆவியாவது நீரேயன்றி அதிற் கரைந்த உப்பன்று. ஆதலின் குறைந்த அளவிற்குக் காய்ச்சி வடித்த நீரையே வார்த்து வந்தோம். வெம்மையும் காரமும் மிகுந்தால் கழிவிலுள்ள அம்மோனியாவின் நச்சும் மிகுமாதலால், உணவையும் குறைத்தோம்.

ஜூலைத் திங்களில் ஒருநாட் காலை, எஞ்சிய ஐந்தனுள் ஒன்று தன் வயிற்றின் கீழ்ச் சிறு முட்டைகளைத் தாங்கி, நீந்துகால்களால் அவற்றிற்கு ஓயாது நீர் விசிறிக்கொண்டிருக்கக் கண்டோம். நான்கு வாரம் ஆவதற்குள், தாயின் உருவையே ஒத்த, கண்ணுக்கு அரிதிற் புலனாகும் குஞ்சுகள் பாசியிடையே தோன்றின. அன்று பி.எச். 7.8, யாம் முதன்முதல் அளந்த அதே எண்.

இப்பொழுது காலையும் மாலையும் நீரை அளந்து குறித்து வருகின்றோம். பெரும்பாலும் அளப்பதோடு அமைகின்றோம். அமிலக் குப்பி அலமாரியில் மூடியபடியே உள்ளது. குஞ்சுகளைக் காண்போர் எம்மைப் பாராட்டுகின்றனர்; யாமோ இறந்த ஐந்தனையும் மறந்திலேம். உயிர் வளர்க்க விழையும் நண்பர்காள்! எண்ணைத் திருத்த விரையற்க. அதன்முன் அவ்வுயிர் வாடுகின்றதா என்று ஒருகால் உற்று நோக்குமின்.