மூன்றாவது மீசான்

வடக்கே தலைவைத்துப் படுக்க, வாப்பாவைப் பெற்ற வாப்பும்மா எங்களை ஒருநாளும் விட்டதில்லை. "அது மையத்து கிடக்குற கிடப்பு" என்று எழுப்பித் திருப்பிப் படுக்க வைப்பார். எங்கள் ஊருக்கு மக்கா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து இருக்கிறது. வலப்பக்கமாகச் சரித்து, முகம் கிப்லாவைப் பார்க்க அடக்கினால் தலை தானாக வடக்கே வந்துவிடும். குமரிக் கடலோரத்து மையவாடியில் வாப்பும்மாவும் இப்போது அப்படித்தான் கிடக்கிறார்.

ஐந்து துண்டுக் கபன், கற்பூர வாசனை, சந்தூக்கு, நான்கு தக்பீர்களோடு ஜனாஸாத் தொழுகை. ஆளுக்கு மூன்று பிடி மண் அள்ளிப் போட்டோம். எல்லாம் முடிந்ததும் பள்ளிவாசல் மோதினார் கல் நட்டார். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று. மூன்றிலும் எழுத்தில்லை. இந்தக் கற்களுக்கு எங்கள் ஊரில் மீசான் என்று பெயர்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகு மோதினாரிடம் கேட்டேன். "காக்கா, இதுக்கு ஏன் மீசான்னு பேரு?"

"மீசான்னா தராசு. கியாமத்து நாள்ல நம்ம நன்மையும் தீமையும் நிறுக்குற தராசு. தலைமாட்டுல ஒரு தட்டு, கால்மாட்டுல ஒரு தட்டு. நடுவுல மனுசன்."

விளக்கம் மனதை நிறைத்தது. ஆனால் வாப்பும்மாவின் நடுக்கல் உறுத்தியது. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று என்பது எங்கள் ஊர் வழக்கம். தராசுக்கு ஏது மூன்று தட்டு? அந்த மூன்றாவது கல்தான் என்னைத் தேட வைத்தது.

முதலில் அரபுக்குப் போனேன். மீசான் என்றால் அரபியில் தராசுதான். குர்ஆனிலும் அந்தச் சொல் உண்டு. ஆனால் அரபு நாடுகளில் கபுருக் கல்லை யாரும் மீசான் என்பதில்லை. அவர்கள் வைத்த பெயர் ஷாஹித், அதாவது சாட்சி. சொல் அரபு, கபுருக் கல் என்ற பொருள் அரபிகளிடம் இல்லை. கல்லுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் நம் கரைக்காரர்கள். கேரளத்து மாப்பிள்ளைமாரும் மீசான் என்றே சொல்கிறார்கள், இலங்கை முஸ்லிம்களும் அப்படியே. புனத்தில் குஞ்ஞப்துல்லாவின் 'ஸ்மாரகசிலகள்' நாவலைத் தமிழாக்கிய குளச்சல் மு. யூசுஃப் அதற்கு 'மீஸான் கற்கள்' என்று தலைப்பிட்டார். நினைவுக் கற்கள் என்னும் மூலத் தலைப்புக்கு எங்கள் வீட்டுச் சொல் அவ்வளவு இயல்பாகப் பொருந்திப் போனது.

அடுத்துக் கிழக்கே பார்த்தேன். மலாய் மொழியில் கபுருக் கல்லின் பெயர் 'பத்து நிசான்'. பத்து என்றால் கல். நிசான் பாரசீகத்து நிஷான், அதாவது அடையாளம். ஜாவாவில் அதே கல்லை 'மயேசான்' என்கிறார்கள். நிசான், மயேசான், மீசான் என்று மூன்றையும் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அலையடிக்கும் ஒரே கடலின் மூன்று கரைகள் போலக் கேட்டது. மலாய் நாட்டில் ஆணின் கல் உருண்டையாக இருக்கும், பெண்ணின் கல் தட்டையாக இருக்கும். கல்லைப் பார்த்தாலே உள்ளே இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். எங்கள் ஊர் அதையே எண்ணிக்கையில் சொல்கிறது. மூன்றாவது கல் தராசுத் தட்டு இல்லை, அடையாளம்.

இந்தக் கரைகளைக் கட்டியது கப்பல்தான். குஜராத்தின் காம்பே துறைமுகத்தில் செதுக்கிய பளிங்குக் கபுருக் கற்கள் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் கடல் கடந்து விற்பனைக்குப் போயின. 1419-இல் இறந்த மாலிக் இப்ராஹீமின் கல் ஜாவாவின் கிரெசிக்கில் இருக்கிறது. அது காம்பே வேலைப்பாடு. சுமத்ராவின் சமுத்ரா பாசையில் 1297-இல் இறந்த சுல்தான் மலிக் அல்-சாலிஹின் கபுர் இருக்கிறது. பின்னர் அந்த நாட்டை ஆண்ட சுல்தான் ஷாஃபி மத்ஹப் என்னும் சட்ட வழியைப் பின்பற்றுகிறவர் என்று இப்னு பதூதா எழுதினார். கேரளக் கரையும் காயல்பட்டினமும் எங்கள் ஊரும் இன்றும் அதே மத்ஹப். உள்நாட்டு ராவுத்தர்களோ ஹனஃபி. தொழுகை முறை எந்தக் கப்பலில் வந்ததோ, கல் நடும் முறையும் அதே கப்பல்களில்தான் கரைக்குக் கரை போயிருக்கிறது. அடையாளம் என்ற பொருள்தான் முதலில் வந்தது, காதுக்குப் பழகிய மீசான் என்ற ஓசையில் தராசு பிறகு வந்து ஏறிக்கொண்டது. இது என் துணிபு.

வேர் இன்னும் ஆழத்தில் இருந்தது. மதீனாவின் பகீஉ மையவாடியில் உஸ்மான் இப்னு மழ்ஊன் அடக்கப்பட்டபோது, நபிகள் ஒரு கல்லைக் கொண்டுவரச் சொன்னார்கள். சொல்லப்பட்டவரால் அதைத் தூக்க முடியவில்லை. நபிகளே சட்டைக் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சுமந்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள். என் சகோதரரின் கபுரை அடையாளம் தெரிந்துகொள்ள என்று காரணமும் சொன்னதாக அபூதாவூத் தொகுத்த ஹதீஸில் இருக்கிறது. கபுரின்மேல் கட்டுவதையும் காரை பூசுவதையும் தடுக்கும் ஹதீஸும் உண்டு. பெருமைக்கு இடமில்லை, அடையாளத்துக்கு இடமுண்டு. அன்பு கொண்டவர் திரும்பி வரும்போது இடம் தப்பக்கூடாது, அவ்வளவுதான். வாப்பும்மாவின் எழுத்தில்லாத கற்கள் அந்த முதல் கல்லின் பிள்ளைகள்.

மோதினாரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அடையாளம்னாலும் சரி, தராசுன்னாலும் சரி. அந்தக் கல்லு இல்லேன்னா நீ எங்க வந்து நின்னு ஸலாம் சொல்லுவ?" என்றார். தேடலில் கிடைத்தவற்றில் எடை மிகுந்த சொல் அதுதான்.

இப்போது ஒரு கவலை. இட நெருக்கடியில் பழைய கபுரின்மேல் புதிய கபுர் வருகிறது. அது தவிர்க்க முடியாதது. ஆனால் பிடுங்கிய மீசான்கள் சுற்றுச்சுவர் ஓரம் குவிந்து, ஒருநாள் அஸ்திவாரத்துக்குப் போய்விடுகின்றன. அவற்றில் அரபு எழுத்து உள்ள கற்களும் உண்டு. கொழும்பு மையவாடி ஒன்றிலிருந்து டச்சுக்காரர்கள் காலத்தில் பெயர்த்து வாசற்படியாகப் போட்ட ஒரு கல்லில் கூஃபி என்னும் பழைய அரபு எழுத்து இருந்தது. இலங்கைத் தலைமை நீதிபதியாக இருந்த அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் அதைப் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பினார். ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948-க்குரிய காலித் இப்னு அபூபகாயா என்பவரின் கல் அது. ஒருவர் குனிந்து படித்ததால் ஆயிரம் ஆண்டு கடந்தும் ஒரு பெயர் பிழைத்தது.

ஜமாஅத் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கல்லைப் பிடுங்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். எழுத்திருந்தால் படியெடுங்கள். எழுத்தில்லாவிட்டால் எந்த வரிசை, எந்த மரத்தடி, எத்தனை கல் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நம்மைத் தேடி வருபவருக்கு அந்த ஒரு வரி போதும்.