பழைய இரும்புக்குப் போகவிருந்த கம்ப்யூட்டர்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டு மூலையில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

என்னிடம் படிக்கும் பத்தாம் தர மாணவி ஒருத்தி. உம்மா மருதமுனையில் கைத்தறி நெய்கிறவர். வீட்டுத் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் சத்தம் போடும் கருவி செய்ய வேண்டும் என்பது அவளது ஆசை. பெருநாள் காசைச் சேர்த்து ஒரு ஆர்டுயினோ போர்டும் வாங்கிவிட்டாள். அதற்குள் புரோகிராமை ஏற்றத்தான் கம்ப்யூட்டர் இல்லை. பாடசாலை விட்டதும் ஆய்வுகூடம் பூட்டப்படும். மஃரிபுக்குப் பிறகு பிள்ளையை நெட் கபேக்கு அனுப்ப வீட்டில் விருப்பமில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு மடிகணினி விலை உங்களுக்கே தெரியும்.

என் சாச்சாவின் கடையில் ஒரு கோர் டூ டுவோ மெஷின் தூசி பிடித்துக் கிடந்தது. 2 ஜிபி ரேம், திறக்கவே பத்து நிமிடம் எடுக்கும் விண்டோஸ் 7. பழைய இரும்புக்குப் போடவிருந்தவரிடம் கேட்டு வாங்கி, ரேமை 4 ஜிபி ஆக்கி, பென் டிரைவ் மூலம் லினக்ஸ் மின்ட் 21 எக்ஸ்எப்சிஇ பதிப்பைப் போட்டேன். சட்டப்படியே இலவசம், திருட்டுப் பிரதி அல்ல.

இந்த வேலைக்கு அது தாராளம். ஆர்டுயினோ ஊனோவில் புரோகிராமுக்கு உள்ள இடமே 32 கேபி, ரேம் 2 கேபி. எழுதியதை மொழிமாற்றி யூஎஸ்பி வழியாக அனுப்பினால் கம்ப்யூட்டரின் வேலை முடிந்தது. ஆர்டுயினோ மென்பொருளின் பதிப்பு 2 பழைய மெஷினுக்குப் பாரம். 1.8.19 போதும்.

எல்லாம் சரி, போர்டைச் செருகினால் போர்ட் இலக்கம் காட்டவில்லை. நான் அவசரப்பட்டு, "இது மலிவான கொப்பி போர்ட் மகள், பழுதுதான்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. பெருநாள் காசல்லவா?

அடுத்த நாள் கணினியின் செய்திப் பதிவை அவளே ஒவ்வொரு வரியாக வாசித்தாள். "சேர், செருகின உடனே பிஆர்எல்டிடிவை எண்டு ஒண்டு வந்து அதைப் பிடிச்சிக்கிது."

தேடிப் பார்த்தேன். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவியை இயக்கும் மென்பொருள் அது. மலிவான போர்டுகளில் உள்ள சிஎச்340 சிப்பின் அடையாள இலக்கமும் சில பிரெய்ல் கருவிகளின் இலக்கமும் ஒன்று. அதனால் எங்கள் போர்டை பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது! பலர் அந்த மென்பொருளையே அழித்துவிடுகிறார்கள். நாங்கள் அந்த இலக்கத்துக்குரிய ஒரு வரியை மட்டும் நிறுத்தினோம். நாளை இந்த மெஷின் பார்வையற்ற ஒரு பிள்ளையிடம் போகலாம்.

பிறகு "அனுமதி இல்லை" என்றது. பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்ததும் போர்டின் விளக்கு மின்னியது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியன் பழுது என்றால் பிள்ளை நம்பிவிடும். அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மெஷினை வீட்டில் கொண்டுபோய் வைத்தபோது உம்மா கேட்டது ஒன்றுதான்: "சேர், இது கனக்க கரண்ட் இழுக்குமா?" திரையோடு சேர்த்து ஏறக்குறைய 100 வாட்ஸ், பத்து மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட் என்றேன். தலையாட்டினார். இப்போது தாங்கி நிரம்பினால் பஸர் அடிக்கிறது. மோட்டரைத் தானாக நிப்பாட்டுவது 230 வோல்ட் வேலை. அதை எலக்ட்ரீஷியனோடு சேர்ந்துதான் செய்வோம்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். அந்த நாட்களில் காணாமல் போனோரைப் பதிய, முகாம்களைக் கணக்கெடுக்க இலங்கைத் தொண்டர்கள் எழுதிய மென்பொருள்தான் 'சஹானா'. அதுவும் இதே போன்ற கட்டற்ற மென்பொருள். பின்னர் மற்ற நாடுகளின் அனர்த்தங்களுக்கும் உதவியது. இந்த உலகம் நமக்கு அந்நியமானதல்ல.

உங்களிடம் கோர் டூ டுவோ அல்லது அதற்குப் பிந்திய மெஷின் இருந்தால் இரும்புக்குப் போடாமல் இன்பொக்ஸில் சொல்லுங்கள். குடும்பப் படங்களை எடுத்துவிட்டுத் தாருங்கள், டிஸ்க்கை முழுமையாக அழித்த பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுப்பேன். இன்னும் மூன்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.