பிழை அந்தப் பிள்ளையுடையது அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. பைக்கை மொடிஃபை செய்ய ஆசைப்படுகிற தம்பிமாரும் அவர்களின் வாப்பாமாரும் கட்டாயம் வாசியுங்கள்.

சென்ற பெரும்போக அறுவடை நேரம் நான் மகளோடு பைக்கில் விழுந்தது ஊரில் பலருக்குத் தெரியும். "சைக்கிள்ல ஒரு பொடியன் குறுக்கால பாஞ்சிட்டான், சேர் தப்பினது அல்லாஹ்ட காவல்" என்றுதான் கதை பரவியது. அந்தக் கதை பிழை. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த பைக் வாப்பாவுடையது. ஹொண்டா சீ.டி. 200, ரோட்மாஸ்டர். இரண்டு சிலிண்டர், முன்னும் பின்னும் ட்ரம் பிரேக். வாப்பா அதில் நெல் மூட்டை ஏற்றியிருக்கிறார், உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். நான் அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிக்குப் போன முதல் நாள் என் பெட்டியை முன்னால் டேங்கில் வைத்துக்கொண்டு போனதும் அதில்தான். வாப்பா மௌத்தான பிறகு அது வீட்டு விறாந்தையில் தூசி பிடித்து நின்றது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. புது பைக் வாங்க வழியில்லை, பழைய பைக்கின் விலையும் கைக்கு எட்டவில்லை. "காக்கா, வாப்பாட பைக்க நாம கஸ்டமாச் செய்வோம்" என்றான் தம்பி. நானும் சரி என்றேன். பின் மட்காட்டை வெட்டினான், தட்டையான சீட் போட்டான், வட்ட ஹெட்லைட் வைத்தான். எல்லாம் அழகுதான். பிறகு முன் ஷொக் இரண்டும் மெலிசாக இருக்கிறது, பார்க்க எடுப்பாக இல்லை என்று சொல்லி, வேறொரு பைக்கின் தடித்த ஷொக் இரண்டைக் கொண்டுவந்து ஒரு கராஜில் கொடுத்துப் போட்டான். சில்லும் ட்ரம் பிரேக்கும் மட்டும் பழையதே. கழற்றிய ஷொக்கைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டான்.

பிறகு தம்பி கட்டாருக்குப் போய்விட்டான், பைக் என்னிடம் வந்தது. 2022 இல் கியூ.ஆர். கோட்டுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் தந்த காலத்திலும் அதில்தான் பாடசாலைக்குப் போனேன். வழியில் நிறுத்திப் படம் எடுத்தவர்களும் உண்டு. எனக்கும் பெருமைதான், மறைக்கவில்லை.

அன்று பாடசாலை விட்டு வருகிறேன். மகள் பின்னால். மூன்றாம் வகுப்பு. வீதியில் ஒரு பக்கம் முழுக்கப் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். வேகம் 40 இருக்கும். நெல் குவியலுக்கு அப்பால் ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளை சைக்கிளில் வீதியைக் கடந்தான். எங்கள் பாடசாலைதான், தரம் எட்டு, நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற வகுப்பு.

முன் பிரேக்கைப் பிடித்தேன். கீழே "டக்" என்று ஒரு சத்தம். அதோடு பிரேக் பிடி வெறுமையாகக் கைக்குள் வந்துவிட்டது. பின் பிரேக்கை மிதித்தேன். பின் சில்லு இறுகி, சிதறிக் கிடந்த நெல்லில் வழுக்கியது. நெல்லில் சில்லு ஏறினால் எப்படியிருக்கும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சரிந்து விழுந்து, இழுபட்டுப் போய், அந்தப் பிள்ளையின் சைக்கிள் பின்சில்லில் முட்டி நின்றோம். மகளுக்கு முழங்கால் உரசிப்போனது. அந்தப் பிள்ளைக்கு முழங்கை. அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சனம் கூடிவிட்டது. "பாத்துப் போகத் தெரியாதாடா உனக்கு?" "சேர்ட புள்ளைக்கு ஏதும் ஆகியிருந்தா?" ஆளுக்கு ஆள் அவனை ஏசினார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

நான் வாய் திறக்கவில்லை. பிரேக் பிடி வெறுமையாக வந்தது எனக்குத் தெரியும். சத்தம் கேட்டதும் தெரியும். மகளைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் மருந்து போடும்போது மகள் கேட்டாள்: "வாப்பா, நீங்க பிரேக் புடிக்கல்லயா?"

அன்று பின்னேரம் பைக்கைப் பார்த்தேன். ட்ரம் பிரேக்கில் லைனர் இரண்டும் ஒரு வட்டப் பிளேட்டில் பொருத்தப்பட்டிருக்கும். பிரேக் பிடித்தவுடன் சுழலும் சில்லு அந்தப் பிளேட்டையும் தன்னோடு சுழற்றப் பார்க்கும். அதைச் சுழலவிடாமல் மறிப்பதற்கு ஷொக்கின் அடிக்காலில் ஒரு முனை இருக்கும், பிளேட்டில் அதற்கேற்ற பள்ளம் இருக்கும். இரண்டும் கொழுவி நின்றால்தான் பிரேக்.

தம்பி கொண்டுவந்த ஷொக் டிஸ்க் பிரேக் பைக்கினுடையது. அதில் அந்த முனையே கிடையாது. அதற்குப் பதிலாக விரல் நீளத்தில் ஒரு தகட்டுத் துண்டை வெல்ட் செய்து ஒட்டியிருந்தார்கள். அது முறிந்து, பிளேட் சில்லோடு சேர்ந்து சுழன்று, கேபிளைச் சுருட்டி அறுத்திருந்தது. கேபிள் அறாமல் இருந்திருந்தால் முன் சில்லு ஒரேயடியாக இறுகியிருக்கும். அதற்குமேல் நான் யோசிக்க விரும்பவில்லை.

அடுத்த நாள் அந்த இடத்துக்குப் போய் எட்டு வைத்து அளந்தேன். அவனை நான் கண்ட இடத்துக்கும் ஒழுங்கைக்கும் இடையில் ஏறக்குறைய 35 மீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 11 மீற்றர். கண்டு, விளங்கி, கை பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் என்று வைத்தாலும் 11 மீற்றர். நல்ல பிரேக் என்றால் அதன்பிறகு 10, 12 மீற்றரில் நின்றுவிடலாம். மொத்தம் 23. அவன் கடந்துபோக வேண்டிய அளவு இடைவெளி விட்டுத்தான் கடந்திருக்கிறான். பிழை முழுக்க என் பைக்கில்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒன்பது நாள் சும்மா இருந்தேன். பத்தாம் நாள் வகுப்பில் யாரோ அவனைக் "குறுக்கால" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. வகுப்பே சிரித்தது. அவனுக்கு அது பட்டப் பெயராகிவிட்டிருந்தது.

அன்று மஃரிபுக்குப் பிறகு அவனுடைய வீட்டுக்குப் போனேன். வாப்பா மேசன் வேலை செய்பவர். கதிரை போட்டு, பிளேன்டீ தந்து, "மன்னிச்சிடுங்க சேர், அவன் விளையாட்டுப் புள்ள" என்று அவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். முறிந்த துண்டையும் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் அண்டிரவு அவனுக்கு அடிச்சிட்டன் சேர்" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிள்ளை திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றான். "மகன், பிழை என்ட. என்ட பைக்ல பிரேக் இல்ல" என்றேன். அவன் மெதுவாகச் சொன்னான்: "நான் நிண்டு பாத்துட்டுத்தான் வந்த சேர்."

"தெரியும் மகன்" என்றேன்.

பைக்கை என்ன செய்வது? மனைவி வித்துவிடச் சொன்னா. அந்த முன்பக்கத்தோடு விற்றால் அதே ஆபத்தை இன்னொருவர் தலையில் கட்டுவதாகிவிடும். பழைய ஷொக்கும் இல்லை. ஆகவே முன்பக்கத்தை ஒழுங்காக மாற்றுவது என்று முடிவெடுத்தேன். அதில் படித்ததைச் சொல்கிறேன். யாருக்காவது பயன்படும்.

முதலாவது, ஒரே பைக்கின் முழுச் செட்டையும் எடுத்தோம். கல்முனையில் ஒரு பழைய சாமான் கடையில் பஜாஜ் பல்சர் 150 ஒன்றின் முன்பக்கம் கிடைத்தது. ஷொக் இரண்டு, அவற்றை மேலும் கீழும் பிடிக்கும் பிளேட்டுகள், சில்லு, அச்சு, டிஸ்க், கலிப்பர், மாஸ்டர் பம்ப், எல்லாம் ஒன்றாக. ஷொக் ஒரு பைக்கிலும் சில்லு இன்னொரு பைக்கிலும் எடுத்தால், இரண்டுக்கும் நடுவில் இல்லாத ஒன்றை வெல்ட் செய்துதான் உண்டாக்க வேண்டிவரும். என்னை விழுத்தியது அதுதான்.

இரண்டாவது, ஹெண்டில் கழுத்துக்குள் போகும் நடுத் தண்டு. பல்சரின் தண்டும் பெயரிங்கும் சீ.டி.யின் கழுத்துக்குப் பொருந்தவில்லை. லேத் வேலை செய்கிற அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். வெல்ட் பிடித்தால் போதாதா என்று கேட்டேன். "தம்பி, வெல்ட் பிடிக்கும். எவ்வளவு காலத்துக்குப் பிடிக்கும் எண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். சீ.டி.யின் தண்டை எடுத்து, பல்சரின் கீழ்ப் பிளேட்டுத் துளைக்கு அளவாக ஒரு வளையம் கடைந்து, பிரஸ்ஸில் வைத்து இறுக்கமாக ஏற்றினார். பைக்கின் கழுத்தில் கை வைக்கவே இல்லை. செசி இலக்கம் அடித்திருப்பதும் அங்கேதான், அதைச் சுரண்டினால் வேறு பிரச்சினை.

மூன்றாவது, உயரம். புதிய ஷொக் கட்டையாக இருந்தால் முன்பக்கம் தாழ்ந்து, சில்லு உள்ளே வந்து, ஹெண்டில் தொட்டதற்கெல்லாம் திரும்பும். நீளமாக இருந்தால் திருப்பப் பாரமாக இருக்கும். நாங்கள் முந்தியே அளந்து வைத்திராததால், இன்னொருவருடைய மாற்றாத சீ.டி. ஒன்றைத் தேடிப்போய் அளந்து வந்தோம்.

நான்காவது, ஹெண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்ப்பது. முதலில் திருப்பியபோது ஷொக் டேங்கில் இடித்தது. அதற்கு முன்பே மறிக்கும் தடுப்பு வைக்க வேண்டியிருந்தது. பிரேக் ஹோஸ் எந்தப் பக்கம் திருப்பினாலும் இழுபடக் கூடாது, சில்லிலும் உரசக் கூடாது. முன் பிரேக் பிடித்தால் பின் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள், பலர் அந்த வயரைக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது, பம்ப். கலிப்பர் ஒன்று, பம்ப் வேறொன்று என்று கலந்து போடாதீர்கள். பம்பின் பிஸ்டன் பெரிதாகிவிட்டால் பிடி கல்லு மாதிரி இருக்கும், ஆனால் பைக் நிற்காது. கல்லு மாதிரி இருந்தால் நல்ல பிரேக் என்று நினைப்பது பிழை. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, அதே கை பலத்தில் அமுக்கம் நாலில் ஒன்றாகிவிடும். போத்தலில் எழுதியிருக்கிற தரத்தைப் பார்த்துச் சரியான பிரேக் ஒயிலை ஊற்றுங்கள். என்ஜின் ஒயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

எல்லாம் பூட்டி முதல் தடவை பிடித்தபோது பிடி பஞ்சு போல உள்ளே போனது. ஹோஸுக்குள் காற்று. திரவம் சுருங்காது, கொடுத்த அமுக்கத்தை அப்படியே கடத்தும். காற்று சுருங்கிவிடும். இதை நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருக்கிறேன். கையில் விளங்கியது அன்றுதான். பிடியை அமுக்கி, கலிப்பர் ஆணியைச் சற்றுத் திறந்து, மூடிய பிறகே பிடியை விட்டு, குமிழி வராத வரைக்கும் திரும்பத் திரும்ப எடுத்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது.

லேத், பெயரிங், ஹோஸ் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாவைத் தாண்டிவிட்டது. ஒரு மாதச் சம்பளம் போதவில்லை. முதல் ஒரு கிழமை தனியாகத்தான் ஓடினேன், வெறும் வீதியில், மெதுவாகப் பிடித்துப் பிடித்து. அதன் பிறகுதான் மகளை ஏற்றினேன்.

அதற்கு முன்பு ஒரு வேலை இருந்தது. முறிந்த துண்டையும், குழாயால் இணைத்த இரண்டு சிரிஞ்சையும் தரம் எட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு முறை தண்ணீர், ஒரு முறை காற்று. எல்லோரும் அமுக்கிப் பார்த்தார்கள். பிறகு அந்தத் துண்டைக் காட்டி, அன்று நடந்ததைச் சொன்னேன். சனம் அவனை ஏசும்போது நான் பேசாமல் நின்றதையும் சொன்னேன். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அவன் தலை குனிந்தபடி சிரிஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பட்டப் பெயரை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஆனால் வகுப்பு வேறு, ஊர் வேறு. போன கிழமை கடையில் ஒருவர் "அண்டைக்கு ஒங்களுக்குக் குறுக்கால வந்த பொடியன்" என்று கதையை எடுத்தார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இனி யாராவது அப்படிச் சொன்னால், பிழை சேருடைய பைக்கில் என்று தயவுசெய்து சொல்லுங்கள். அவன் வாங்கிய அடியை என்னால் திருப்பி எடுக்க முடியாது. பெயரையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முன்பக்கத்தை மாற்றிய பைக் வீட்டில் இருந்தால் இன்றே குனிந்து பாருங்கள். ட்ரம் என்றால், அந்தப் பிளேட்டை மறித்து நிற்பது ஷொக்கோடு வார்த்த முனையா, ஒட்டிய துண்டா என்று பாருங்கள். ஒட்டிய துண்டு என்றால் ஓட வேண்டாம். பார்க்கத் தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பைக்கைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். அந்த முறிந்த துண்டு என் மேசையில்தான் இருக்கிறது.