தொடையெலும்புக்குள்ள ஒரு கிரேன்

மனுச உடம்புல எலும்பு எத்தனைன்னு கேட்டா தூக்கத்துல கூட 206னு சொல்லிருவோம். எட்டாங்கிளாஸ் புண்ணியம். பிறந்த குழந்தைக்கு எத்தனைன்னு கேட்டா பாதிப்பேரு முழிப்போம். கிட்டத்தட்ட 270லருந்து 300 வரைக்கும் இருக்குமாம். மிச்சம் எங்க போச்சு? எங்கயும் போகல. வளர வளர ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிடுது. முதுகெலும்பையே எடுத்துக்கிடுங்க. ஆரம்பத்துல 33 துண்டு. இடுப்புக்குக் கீழ அஞ்சு சேர்ந்து ஒண்ணாகி, வால் எலும்பும் சேர்ந்து ஒண்ணாகி, பெரியாளானப்புறம் 26தான் மிஞ்சும்.

ஆக எலும்புங்கிறது ஒரு தடவை நட்டுவச்ச பந்தக்கால் இல்ல மக்கா. அது உயிரோட இருக்கிற சமாச்சாரம். இந்தப் பதிவே அதைப் பத்தித்தான்.

நம்மள மாதிரி இஞ்சினியரிங் படிச்ச ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா, எலும்பு ஒரு ஆர்.சி.சி. கொலாஜன்னு ஒரு புரதம்தான் உள்ள இருக்கிற கம்பி. கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்பு கான்கிரீட். கோழிக்கால் எலும்பை அஞ்சாறு நாள் வினிகர்ல ஊறப்போட்டுப் பாருங்க, உப்பு கரைஞ்சு போயி ரப்பர் மாதிரி வளையும். அதையே நெருப்புல போட்டா கம்பி எரிஞ்சுபோயி கான்கிரீட் மட்டும் நிக்கும், தொட்டா நொறுங்கும். ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான் எலும்பு.

அதோட வேலையும் உடம்பைத் தாங்குறது மட்டும் கிடையாது. உடம்புல இருக்கிற கால்சியத்துல 99 சதவீதம் எலும்புலதான் டெபாசிட். ரத்தத்துல கால்சியம் கொறஞ்சா உடனே இங்கருந்து எடுத்துக் குடுக்கும். உள்ள இருக்கிற மஜ்ஜை, வினாடிக்கு சுமார் 20 லட்சம் சிவப்பணு தயார் பண்ணுது. நீங்க இந்த வரியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு கோடி தாண்டியிருக்கும்.

இப்ப தலைப்புக்கு வருவோம். 1860கள்ல ஜூரிச்ல மேயர்னு ஒரு உடற்கூறு பேராசிரியர், தொடையெலும்போட மேல்முனையை நெடுக்கா அறுத்து உள்ள இருக்கிற பின்னலைப் படமா வரைஞ்சு வச்சிருந்தாரு. அதைப் பார்த்த குல்மான்ங்கிற கட்டுமானப் பொறியாளர், இது நம்ம கிரேன்ல விசை போற கோடு மாதிரியே இருக்கேன்னு அசந்துட்டாராம். தொடையெலும்போட தலை நேரா இல்லாம பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கும். உடம்போட பாரம் கிரேன் கொக்கியில தொங்குற மாதிரி அங்கதான் வந்து இறங்கும். எந்தப் பக்கம் அமுங்குதோ, எந்தப் பக்கம் இழுபடுதோ, சரியா அந்தந்தத் தடத்துலதான் உள்ள நார் ஓடியிருக்கு. ஒரு பிளான் போட்டுக் குடுத்த ஆளு கிடையாது!

அதோட சூத்திரத்தை 1892ல வோல்ஃப்ங்கிற ஜெர்மன் மருத்துவர் விளக்கமா எழுதினாரு. பாரம் விழுற இடத்துல எலும்பு கெட்டிப்படும், பாரம் இல்லாத இடத்துல கரையும். எலும்புக்குள்ள ரெண்டு கோஷ்டி உண்டு. ஆஸ்டியோகிளாஸ்ட் இடிக்கிற கோஷ்டி, ஆஸ்டியோபிளாஸ்ட் கட்டுற கோஷ்டி. ஓடிக்கிட்டு இருக்கிற சர்வரை நிறுத்தாமலே பாகம் மாத்துற மாதிரி, ஏறக்குறைய பத்து வருசத்துல மொத்த எலும்புக்கூட்டையும் புதுப்பிச்சிருவாங்க. பாரமே இல்லாத விண்வெளியில மாசம் ஒரு சதவீதத்துக்கு மேலகூட இடுப்பெலும்பு கரையுதாம். அதனாலதான் அங்க போறவங்க தினமும் உடற்பயிற்சி பண்றாங்க.

அதாவது நாம எப்படி வாழ்ந்தோங்கிறதை எலும்பு எழுதி வச்சுக்கிடுது. இந்த எழுத்தைப் படிக்கிற இடம் ஒண்ணு நம்ம பக்கத்துலயே இருக்கு. எங்க ஊரு மேலகரம், தென்காசிக்கும் குத்தாலத்துக்கும் நடுவுல. அருவியில விழுற தண்ணி சிற்றாறா ஓடி, சீவலப்பேரியில தாமிரபரணியோட சேர்ந்து, இன்னும் கொஞ்ச தூரம் போனா ஆதிச்சநல்லூர். 1876ல யாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டினாரு. அப்புறம் அலெக்சாண்டர் ரீ. 2004-05ல சத்தியமூர்த்தி தலைமையில தொல்லியல் துறை தோண்டினப்ப 160க்கும் மேல தாழி கெடச்சுது. சில தாழியில முழு எலும்புக்கூடே குத்துக்காலிட்ட மாதிரி இருந்துச்சு. 2023லருந்து குழி மேலயே கண்ணாடி போட்டு வச்சிருக்காங்க, நின்னு குனிஞ்சு பார்க்கலாம்.

அங்க போனா தங்கப்பட்டம், இரும்புவேல்னுதான் எல்லாரும் பேசுவாங்க. எனக்கு எலும்புதான் பெருசாத் தெரியுது. இடுப்பெலும்பு அகலத்தை வச்சு ஆணா பொண்ணான்னு சொல்லலாம். நீள எலும்போட முனை ஒட்டிருச்சா இல்லையான்னு பார்த்து எளவட்டமா இல்லையான்னு சொல்லலாம். தொடையெலும்பு நீளத்துலருந்து உயரம். தசை பிடிச்சிருந்த இடத்துல இருக்கிற மேட்டைப் பார்த்து, பாரம் தூக்குன உடம்பான்னு ஊகிக்கலாம். கீழடிக்குப் பக்கத்துல கொந்தகையில கெடச்ச ரெண்டு மண்டையோட்டை வச்சு, 2025ல அவங்க முகத்தையே திரும்ப உருவாக்கிக் காட்டுனாங்க. பேரு போச்சு, ஊரு போச்சு, பேசுன பேச்சு போச்சு. எலும்பு மட்டும் சாட்சி சொல்லுது.

எங்க ஆச்சியோட எலும்பு என்ன சாட்சி சொல்லும்? நாப்பது வருசம் பீடி சுத்துனான்னு சொல்லும். எங்க பக்கம் வீட்டுக்கு வீடு பீடித்தட்டு உண்டு. இலையை வெட்டி, தூளை வச்சு, சுருட்டி, மடக்கி, நூல் கட்டி... ஆயிரம் முடியாம எந்திரிக்க மாட்டா. காலை நீட்டி, முதுகை வளைச்சு, வீட்டு இருட்டுக்குள்ளயே உக்காந்து. தொடையெலும்புல பாரம் இறங்காது, உடம்புல வெயில் படாது. வெயில் இல்லாம வைட்டமின் டி ஏது? அது இல்லாம தின்ன கால்சியம் உடம்புல எப்படிச் சேரும்? பீடி மேல மட்டும் பழி போட முடியாதுதான். மாதவிடாய் நின்னப்புறம் அஞ்சாறு வருசம் பொம்பளைங்களுக்கு எலும்பு வேகமாக் கரையும். சோறும் ரசமுமாப் போன சாப்பாடு வேற.

போன வருசம் திண்ணைப்படியில இறங்குறப்ப ஆச்சி விழுந்தா. பெரிய உயரம்லாம் இல்ல, ஒரே ஒரு படி. உடைஞ்சது சரியா அந்தக் கிரேன் இடம். தொடையெலும்புக் கழுத்து. "விழுந்ததுனால உடைஞ்சதுன்னு நினைக்காதீங்க, எலும்பு ஏற்கெனவே உளுத்துப் போயிருக்கு"ன்னாரு டாக்டரு. உலோகத்துல ஒரு உருண்டை செஞ்சு மாட்டியிருக்காங்க. இப்ப கம்பு ஊணி நடக்கா. "எலும்பு தேஞ்சுட்டுன்னு சொல்லுதாவ, நான் என்ன கண்டேன், கையி மட்டும் இன்னும் தேயலல"ன்னு விரலைக் காட்டிச் சிரிக்கா.

கணக்கு என்னன்னா, எலும்பு பேங்க்ல டெபாசிட் ஏறுறது ஏறக்குறைய முப்பது வயசு வரைக்கும்தான். அதுக்கப்புறம் இருக்கிறதைக் காப்பாத்துற வேலை. எனக்கு இன்னும் ரெண்டு வருசம் பாக்கி. நானும் ஆச்சி மாதிரிதான், பீடித்தட்டுக்குப் பதிலா கீபோர்டு. அதனால லிஃப்டை விட்டுட்டுப் படியில ஏறுதேன், காலையில கேப்பைக்கூழு. நூறு கிராம் கேப்பையில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. அரிசியில பத்து வந்தாலே பெருசு.

கஷ்டம் என் கதையில இல்ல. அம்மாவுக்கு அம்பத்திரெண்டு வயசு. இப்பவும் தட்டை மடியில வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கா. தினமும் அரைமணி நேரம் வெயில்ல நடம்மான்னு சொன்னேன். "அரைமணி நேரம்னா அறுவது பீடில. நடந்தா எவம்ல கூலி குடுப்பான்?"னா. மாசாமாசம் பணம் அனுப்புதேன், வேண்டாம்மான்னாலும் தட்டைக் கீழ வைக்க மாட்டேங்கா. அது அவ சொந்தக் காசு.

டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறதுக்கு மட்டும் சம்மதிச்சிருக்கா. வர்ற லீவுக்குப் போறப்ப கூட்டிட்டுப் போகணும். உங்க வீட்டு அம்மா, ஆச்சிமாரை எப்படி நடக்க வச்சீங்க? வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்கா, நெசமாவே கேக்கேன்.