எது மெட்டல் என்று வலது கைக்குத் தெரியும்

கிழக்குத் தாம்பரத்தில் மாடி அறை ஒன்றில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் சர்ச்சில் வாசித்துப் பழகியவர்கள். கொஞ்சம் பேர் மெல்லிசைக் குழுவில் சேர ஆசைப்பட்டு வருபவர்கள். 2025 ஜூலை 22 அன்று பிளாக் சபாத் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் காலமானார். அதற்குச் சில நாட்கள் முன்புதான், ஜூலை 5 அன்று, பிளாக் சபாத்தின் ஆதி நால்வரும் தங்கள் சொந்த ஊரான பர்மிங்காமில், வில்லா பார்க் மைதானத்தில், கடைசி முறையாகச் சேர்ந்து வாசித்திருந்தார்கள். அதன் பிறகு என்னிடம் சபாத் கேட்டு வரும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கூடவே எங்கள் வட்டத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கும் சூடு பிடித்தது: பழைய ஹார்ட் ராக் ஆல்பங்களில் எவை ஹெவி மெட்டல்? எது முதல்?

பெயரில் என்ன இருக்கிறது, பாட்டு நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவருக்குப் போதும். வாசிப்பவருக்குப் போதாது. ஒரு பாட்டு மெட்டலா, ப்ளூஸ் வழி வந்த ராக்கா என்று முடிவு செய்யாமல் அதை வாசிக்கவே முடியாது. வலது கை எங்கே உட்கார வேண்டும், டிரம்மர் தாளத்துக்குள் எவ்வளவு சாய வேண்டும், பேஸ் கிட்டாரோடு ஒட்டிப் போகவேண்டுமா தனியாக நடக்கவேண்டுமா எல்லாமே அந்த ஒரு முடிவில் தொங்குகின்றன. அதனால் இந்த வழக்கை நான் ஜாம் ரூமில் வைத்தே விசாரிக்கிறேன்.

போன வருஷம் கல்லூரிப் பையன்கள் சிலர் லெட் செப்லினின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டைத் தயார் செய்துகொண்டு வந்தார்கள். மெட்டாலிகா கேட்டு வளர்ந்தவர்கள். ஒவ்வொரு அடியையும் கீழ்நோக்கியே அடித்து, உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் அழுத்தி, துளி பிசகாமல் வாசித்தார்கள். பாட்டில் உயிர் இல்லை.

“மாஸ்டர், நோட்ஸ் எல்லாம் கரெக்டாதானே இருக்கு? ஏன் அந்த ஃபீல் வரல?”

“நோட்ஸ் சரிதாம்ப்பா. பிரிட்ஜ் மேலேர்ந்து கையை எடு. டிரம்ஸுக்குக் கொஞ்சம் பின்னாடி வா.”

கையை எடுத்ததும் கம்பிகள் மூச்சு விட்டன. டிரம்மர் ஸ்னேரை ஒரு மயிரிழை தாமதித்தான். பாட்டு எழுந்து உட்கார்ந்தது. லெட் செப்லினின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்தது, இரண்டாவது அதே வருஷம் அக்டோபரில். முதல் ஆல்பத்தில் வில்லி டிக்சன் எழுதிய சிகாகோ ப்ளூஸ் பாடல்கள் இரண்டு இருக்கின்றன. ஜான் பானமின் டிரம்ஸ் எவ்வளவு கனமாக விழுந்தாலும் இடுப்பை ஆட்டும். ‘கம்யூனிகேஷன் பிரேக்டவுன்’ மாதிரி ஒன்றிரண்டு பாடல்கள் எல்லைக்கோட்டைத் தொடுகின்றன. ஆனாலும் ஆல்பங்களாகப் பார்த்தால் அவை மெட்டல் ஆகா. அவற்றின் பெருமைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

சத்தத்தை வைத்து வழக்காடுபவர்கள் ப்ளூ சியர் குழுவைக் கொண்டுவருவார்கள். சான் பிரான்சிஸ்கோக்காரர்கள். 1968 ஜனவரியில் வந்த ‘வின்செபஸ் எரப்டம்’ ஆல்பம் இன்றைக்கும் ஆம்பை நடுங்க வைக்கும். ஆனால் அதில் புகழ்பெற்ற ‘சம்மர்டைம் ப்ளூஸ்’ பத்து வருஷம் முன்பு எட்டி காக்ரன் பாடிய ராக் அண்ட் ரோல் பாட்டு. டிஸ்டார்ஷன் பெடலை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், பழைய பாட்டு அப்படியே எலும்போடு நிற்கும். சத்தம் மேலே பூசியதுதான். மெட்டலில் இப்படிப் பிரித்தெடுக்க முடியாது. அங்கே ரிஃப்தான் பாட்டு, டிஸ்டார்ஷன் அந்த ரிஃப்பின் உடம்பு. என் முதல் சோதனை இதுதான்: ரிஃப்பை எடுத்துவிட்டால் பாட்டில் மிச்சம் என்ன?

இப்போது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வெளியான நாள். 1969 அக்டோபரில், லண்டனில், ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மழைச் சத்தம், மணிச் சத்தம், பிறகு மூன்றே ஸ்வரங்களில் ஒரு ரிஃப். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் ‘ஜி’. நான்காவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் மேல் ‘ஜி’. அங்கிருந்து இறங்கி ஐந்தாவது கம்பியில் நான்காவது ஃப்ரெட்டில் ‘சி ஷார்ப்’, அதில் ஒரு நீண்ட நடுக்கம். அவ்வளவுதான் பாட்டு.

பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கு இதை நான் ஸ்வரத்தில் சொல்லிவிடுவேன். கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்யமம். கல்யாணியிலும் பந்துவராளியிலும் நாம் தினமும் கேட்கிற அதே மத்யமம்தான். ஆனால் நம் ராகங்களில் அது பஞ்சமத்தோடு உறவாடி, சுற்றியிருக்கும் ஸ்வரங்களோடு சேர்ந்து அழகாகிவிடும். சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி அதை ஆதரவில்லாமல் விட்டுவிடுகிறார். அந்த நடுக்கத்தில் விரல் பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது, போய்ச் சேர்வதே இல்லை. கேட்பவர் வயிற்றில் ஏதோ பிசைவது அதனால்தான். ஒரு மாணவி இதை வாசித்துவிட்டு, “மாஸ்டர், பா-வுக்குப் போக விரல் தானா இழுக்குது” என்றாள். இழுக்கட்டும், போகாதே என்றேன். சபாத்தின் இந்த ஆல்பத்துக்கு முந்தைய எந்த ராக் ஆல்பத்திலும், இப்படி ஒரு பாட்டின் பெரும்பகுதி இந்த ஒரு இடைவெளியின் மேல் நிற்பதை நான் கேட்டதில்லை. என் சோதனையில் முழுசாகத் தேறுகிற முதல் பாட்டு இது. ரிஃப்பை எடுத்தால் மழைதான் மிச்சம்.

ஆனால் வழக்கு பாட்டைப் பற்றியதல்ல, ஆல்பத்தைப் பற்றியது. இங்கேதான் எனக்கும் பெரும்பாலான சபாத் பக்தர்களுக்கும் பேச்சு முறிகிறது. இரண்டாவது பாட்டிலேயே ஹார்மோனிகா வந்துவிடுகிறது. ‘ஈவில் வுமன்’ க்ரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு, ‘வார்னிங்’ ஆய்ன்ஸ்லி டன்பார் குழுவின் ப்ளூஸ். அதை இவர்கள் பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்கிறார்கள். டிரம்மர் பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அவர் வாசிப்பில் ஸ்விங் எங்கும் ததும்புகிறது. அழகான ஆல்பம். பாதி மெட்டல், பாதி கிளம்பிவந்த வீடு. அந்தப் பாதி வீட்டை மறைத்துவிட்டு இதை முதல் மெட்டல் ஆல்பம் என்று பட்டம் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

பட்டம் 1971-இல் வந்த சபாத்தின் மூன்றாவது ஆல்பம் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’க்குத்தான். காரணம் கம்பியில் இருக்கிறது. பதினேழு வயதில், பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில், அயோமியின் வலது கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் துண்டாகிவிட்டன. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் ஃப்ரெட்டை அழுத்துவது அந்த வலது கைதான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனிகளுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். மூன்றாவது ஆல்பத்துக்கு வரும்போது ‘சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்’, ‘லார்டு ஆஃப் திஸ் வேர்ல்டு’, ‘இன்டு த வாய்ட்’ ஆகிய பாடல்களில் சுருதியையே ஒன்றரை டோன் இறக்கிவிட்டார். ‘ஈ’யில் இருக்கவேண்டிய ஆறாவது கம்பி ‘சி ஷார்ப்’பில் தொங்குகிறது.

‘இன்டு த வாய்ட்’ பாட்டைச் சொல்லிக்கொடுக்கும்போது மாணவர்கள் எல்லோரும் முதலில் ஒரே இடத்தில் தடுமாறுவார்கள். கம்பி தளர்ந்திருக்கிறது, பழைய பலத்தோடு அடித்தால் சுருதி ஒரு கணம் மேலே ஏறிவிட்டு இறங்கும். அபஸ்வரம். சர்ச்சில் முழுக் கையையும் வீசி ஆறு கம்பியும் ஒலிக்க ஸ்ட்ரம் பண்ணியவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். தோளை மறந்து மணிக்கட்டுக்கு வரவேண்டும். உள்ளங்கை ஓரம் பிரிட்ஜில் லேசாகப் பட வேண்டும்; அதிகம் பட்டால் ஒலி செத்துவிடும், படாவிட்டால் கொழகொழத்துவிடும். இரண்டு கம்பிகள் மட்டும், இரண்டு ஸ்வரங்கள் மட்டும். கூடவே பேஸில் கீசர் பட்லர் அதே ரிஃப்பை அதே இடத்தில் வாசிக்கிறார். அந்த மூன்று பாடல்களிலும் ப்ளூஸின் பன்னிரண்டு பார் நடை இல்லை, அது வருமோ என்ற எதிர்பார்ப்பும் எழுவதில்லை. நடுவில் வரும் ‘ஆர்கிட்’ போன்ற மென்மையான கிட்டார் துண்டுகளைக் காட்டி மறுப்பவர்களுக்கு என் பதில்: அந்த மென்மை முடிந்து அடுத்த ரிஃப் இறங்கும்போதுதான் அதன் எடை முழுசாகத் தெரிகிறது.

டீப் பர்ப்பிள் பற்றிப் பேசாமல் தென்சென்னையில் யாரும் என்னை விடமாட்டார்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அவர்கள்தான் எல்லாம். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய ரெக்கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்திய அங்கிள் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “என்ன மேன், பர்ப்பிள் மெட்டல் இல்லன்னு பசங்ககிட்ட சொல்றியாமே?” அங்கிள், முழு ஆல்பத்தைச் சொல்லவில்லை என்றேன். 1970 ஜூனில் வந்த ‘இன் ராக்’ ஆல்பத்தில் முதல் பாட்டு ‘ஸ்பீடு கிங்’ லிட்டில் ரிச்சர்டுக்கு வைத்த வணக்கம், அவருடைய பாட்டுப் பெயர்களாலேயே கட்டியது. அது ராக் அண்ட் ரோல். ‘சைல்டு இன் டைம்’ பாட்டின் ஆர்கன் மெட்டு இன்னொரு குழுவின் ‘பாம்பே காலிங்’ என்ற இசையிலிருந்து கிளைத்தது. அதை எந்தப் பெட்டியிலும் அடைக்கக்கூடாது. ஆனால் கடைசிப் பாட்டு ‘ஹார்டு லவின் மேன்’? ரோஜர் க்ளோவரின் பேஸ் குதிரைப் பாய்ச்சலாக ஓடுகிறது. 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் வாசித்ததைக் கேட்க நம் ஊரிலிருந்து ரயிலேறிப் போனவர்கள் கூச்சலிட்டது இந்தப் பாய்ச்சலுக்குத்தான். அந்த ஒரு பாட்டு சந்தேகமில்லாமல் மெட்டல். அங்கிளுக்குப் பாதி திருப்தி. ஜான் லார்டு ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்பில் செருகி வாசித்ததை நீ கணக்கில் சேர்க்கவில்லை என்றார். நியாயமான வாதம்; அதற்காக இன்னொரு முறை ஆல்பம் முழுவதையும் கேட்டேன். தீர்ப்பு மாறவில்லை.

இந்தத் தீர்ப்புகளைத் தரவரிசையாக எடுத்துக்கொள்கிறவர்கள்தான் எனக்கு வருத்தம் தருகிறார்கள். சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் 2009-இல் ஓபெத் குழு வாசித்ததைக் கேட்டு மெட்டலுக்குள் வந்த தலைமுறைக்கு 1971 மெலிவாகத் தெரிகிறது, “இதுவா மெட்டல்?” என்கிறார்கள். மூத்தவர்களோ, மெட்டல் இல்லை என்றால் மட்டம் தட்டிவிட்டதாக நினைக்கிறார்கள். ப்ளூஸ் ஒருவகைக் கைத்திறன், மெட்டல் இன்னொரு வகை. ஜூடாஸ் ப்ரீஸ்ட் 1976-இல் ‘சேட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி’யில் இரட்டைக் கிட்டாரை முன்னால் கொண்டுவந்து, 1978-இல் ‘ஸ்டெயின்டு கிளாஸ்’ ஆல்பத்தில் ப்ளூஸின் சாயலை ஏறக்குறைய முழுசாகத் துடைத்த பிறகு, இரண்டு கைகளும் தனித்தனி என்பதில் எனக்குச் சந்தேகமே எழுவதில்லை. அதற்கு முந்தைய பத்து வருஷ ஆல்பங்களில்தான் ஒரே கைக்குள் இரண்டும் இருந்தன. நுணுக்கமாகக் கேட்கவேண்டிய காலம் அது.

நீங்கள் கிட்டார் வாசிப்பவரானால், ஆல்பத்தின் பெயரை வைத்து வாதாடாதீர்கள். ஒரு நல்ல டிரம்மரைக் கூட்டிக்கொண்டு ‘வார்னிங்’ பாட்டையும் ‘இன்டு த வாய்ட்’ பாட்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வாசியுங்கள். டிரம்மர் கிடைப்பதுதான் தாம்பரத்தில் கஷ்டம். கிடைத்தால், முதலில் அவரைப் பில் வார்டு கேட்கச் சொல்லுங்கள்.