மறுவீட்டுச் சொதி

மேலகரம்,
ஆடி வெள்ளி.

அன்புள்ள மருமகளுக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

மருமகப்பிள்ளையும் பேத்தியும் சுகம்தானே? இங்கே சாரல் விட்டு விட்டு விழுகிறது. அருவிக்குப் போகிற வண்டிகளால் குற்றாலம் ரோட்டைக் கடக்கவே முடியவில்லை. உங்க மாமாவுக்கு முழங்கால் வலி தேவலை.

நேற்று நீ போனில் கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஆவணியில் பேத்தி கல்யாணத்தன்றைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டையும் கான்ட்ராக்டில் விட்டது நல்ல காரியம். பெண்ணைப் பெற்றவள் அன்றைக்கு ஆக்குப்புரையில் நின்று புகை குடிக்க வேண்டியதில்லை. மறுநாள் நம் வீட்டில் வைக்கிற மறுவீட்டுச் சாப்பாட்டையும் அவர்களிடமே கொடுத்துவிடலாமா என்றாய். அது வேண்டாம்மா. சொதியை நாமே வைப்போம்.

காரணம் சொல்கிறேன். பந்திக்கு ஆள் கூடிவிட்டால் சாம்பாரில் ஒரு செம்பு தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம். ரசத்துக்குக் கேட்கவே வேண்டாம். சொதியில் அது நடக்காது. புளி கிடையாது, மிளகாய்ப்பொடி கிடையாது, தண்ணீரை மறைக்க அதில் ஒன்றுமே இல்லை. தேங்காய்ப்பால் எவ்வளவோ அவ்வளவுதான் சொதி. அதனால் யார் யார் வருகிறார்கள் என்று முன்னாலேயே உட்கார்ந்து எண்ணியாக வேண்டும். இன்னார் வருவார், அவருக்குக் காரம் ஆகாது, இவருக்குப் பூண்டு ஆகாது என்று ஒவ்வொரு முகமாக நினைத்து எண்ண வேண்டும். ஆயிரம் பேருக்குப் பந்தி போட்ட கல்யாணத்துக்கு மறுநாள், சம்பந்தி வீட்டாரைப் பெயர் சொல்லி உட்காரவைத்துப் போடுகிற சாப்பாடு இது. அதனால்தான் திருநெல்வேலிப் பக்கத்தில் இதை மாப்பிள்ளைச் சொதி என்கிறோம். கான்ட்ராக்ட்காரருக்கு இலைக் கணக்குத்தான் தெரியும், இந்தக் கணக்கு தெரியாது. போன வருஷம் ஒரு வீட்டில் சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கிய சொதியைப் பரிமாறினார்கள். மாப்பிள்ளையின் தாத்தா ஒரு கை சோற்றோடு இலையை மூடிவிட்டார். பெண்வீட்டார் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

100 பேர் என்று வைத்துக்கொள். நல்ல முற்றின தேங்காய் 30 வேண்டும். பாசிப்பருப்பு 2 கிலோ. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாம் சேர்ந்து 10 கிலோ, முருங்கைக்காய் 30, சின்ன வெங்காயம் 2 கிலோ. பச்சைமிளகாய் முக்கால் கிலோ, இஞ்சி கால் கிலோ, பூண்டு அரைக் கிலோ. எலுமிச்சம்பழம் 20. காய்கறிக்கு முதல்நாள் காலையில் மாமா பாவூர்சத்திரம் சந்தைக்கே போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

தேங்காயை மட்டும் முதல்நாளே உடைத்து வைக்கக் கூடாது. விடிய நாலு மணிக்கு உடைத்துத் திருவ ஆரம்பிக்க வேண்டும். கிரைண்டரில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சமாய்த் தெளித்து அரைத்து, துவைத்த மல் துணியில் கொட்டி, இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தராக முறுக்கிப் பிழியணும். முதல்பால் விரலில் ஒட்டுகிற மாதிரி வரும். அதைத் தனியே மூடி வைத்துவிடு. மறுபடி தண்ணீர் விட்டு அரைத்தால் இரண்டாம்பால். மூன்றாம் முறை வருவது நீர்ப்பால். மூன்றையும் கலந்துவிட்டால் அப்புறம் சொதி இல்லை. பிழிகிற வேலைக்கு உன் சித்தியும் மதினிமாரும் வருகிறோம் என்றிருக்கிறார்கள்.

பருப்பை வாசம் வரும்வரை வறுத்துக் குழைய வேகவைத்துக்கொள்ள வேண்டும். காய்களை நீர்ப்பாலில் வேகவைக்க வேண்டும். உருளைக்கிழங்கைத் தனியே அவித்துச் சேர்த்தால்தான் கரையாது. மிளகாயையும் இஞ்சியையும் அரைத்து விட்டு, வதக்கிய வெங்காயம் பூண்டைப் போட்டு, இரண்டாம்பாலும் பருப்பும் சேர்த்து ஒரு கொதி வரட்டும். மஞ்சள்பொடி நம் வீட்டில் போடுவதில்லை, வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேள். பெரிய அளவில் சொதி வைக்கிறவர்கள் தவறவிடுகிற இடம் இதுதான். தேங்காய்ப்பாலில் எண்ணெய் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். சூடு ஏறினால் அது கட்டிப்பட்டுப்போகும். எண்ணெய் மேலே மிதக்கும், பால் திரிதிரியாய் நிற்கும். வீட்டுச் சட்டியில் அடுப்பை அணைத்ததும் கொதி அடங்கிவிடும். 30 லிட்டர் அண்டா அப்படி இல்லை. அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் உள்ளே சூடு குறையாமல் நிற்கும். அதனால் அண்டாவை இறக்கிவைத்து, கொதி முழுக்க அடங்கிச் சூடு சற்றுத் தணியும்வரை காத்திருக்கணும். பிறகு நாலு கரண்டி சொதியை எடுத்து முதல்பாலில் விட்டுக் கலக்கி, அந்தப் பாலை அண்டாவின் ஓரமாக மெல்ல ஊற்றணும். ஒருத்தர் ஊற்ற, இன்னொருத்தர் அடியோடு கிண்டிக்கொண்டே இருக்கணும். அவசரப்படவே கூடாது. எலுமிச்சைச் சாறு அதற்கும் பிறகு, சூடு இன்னும் தணிந்ததும்தான். சூட்டோடு புளிப்பும் சேர்ந்தால் பால் நிச்சயம் திரிந்துவிடும். கடைசியில் தேங்காயெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, மூடியைச் சற்றே திறந்த மாதிரி வைக்க வேண்டும்.

இதைத் திரும்பச் சூடு பண்ணவும் முடியாது, சாயங்காலம்வரை வைத்திருக்கவும் முடியாது. பதினொன்றரைக்கு இறக்கினால் பன்னிரண்டரைக்கு இலை போட்டுவிட வேண்டும். சம்பந்தி வீட்டாரிடம் நேரத்தை இப்போதே சொல்லிவை.

பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச இந்த வாரமே கொடுக்கிறேன். ஈயம் இல்லாத பாத்திரத்தில் எலுமிச்சை பட்டால் களிம்பு ஏறி எல்லாம் வீணாகிவிடும். விறகடுப்பு வேண்டாம். ஆவணியிலும் சாரல் தொடர்ந்தால் விறகு நமத்துப் புகையும், பால் புகைவாசத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கேஸ் அடுப்பே போதும்.

தொட்டுக்கொள்ள இஞ்சிப்பச்சடி கட்டாயம் வேண்டும். அத்தனை தேங்காய்ப்பாலும் வயிற்றில் மந்தமாக நிற்காமல் இருக்க அதுதான் துணை. கூட உருளைக்கிழங்கு காரக்கறி, அப்பளம், பாயசம். இதற்கு மேல் ஐட்டம் கூட்டாதே. கூட்டினால் சொதி பின்னுக்குப் போய்விடும்.

சம்பந்தி வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள், அவர்களுக்கு இது பிடிக்குமா என்று தயங்கினாய். கவலைப்படாதே. செங்கோட்டை தாண்டிவிட்டால் மலையாளத்தார் தேங்காய்ப்பாலில் இஷ்டு வைத்து ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இதே சொதியை மஞ்சள் போட்டுத் தண்ணீராக வைத்து இடியாப்பத்தோடு சாப்பிடுகிறார்கள். அதையே நாம் பருப்பும் காயும் சேர்த்துக் கெட்டியாக்கிச் சோற்றுக்கு ஊற்றுகிறோம். பால் மணத்தை வேண்டாம் என்கிற நாக்கு எந்த ஊரிலும் இல்லை.

சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்ததும் சம்பந்தி வீட்டாரைக் குற்றாலத்துச் சித்திரசபைக்கு அழைத்துப்போவோம். போகிற வழியில், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் நம் மேலகரம், அந்தப் பாட்டுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பேர் என்று மருமகப்பிள்ளையைச் சொல்லச் சொல். பெண் எடுத்த ஊரின் பெருமை அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏட்டி, இவ்வளவும் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. உன் கல்யாணத்துக்கு மறுநாள் உங்க ஆச்சி நின்று வைத்த சொதியைப் பற்றி மருமகப்பிள்ளையின் அக்கா இன்றைக்கும் என்னிடம் பேசுகிறாள். அந்த மதிப்பு நம் பேத்திக்கும் கிடைக்க வேண்டும். புகுந்த வீட்டில் அவளைப் பற்றிய முதல் பேச்சு, இவளைப் பெற்ற வீட்டார் எங்கள் ஒவ்வொருத்தரையும் நினைத்துச் சமைத்தார்கள் என்பதாக இருக்கட்டும்.

அதனால் உனக்கு நான் கொடுக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். சம்பந்தி வீட்டில் யார் யார் வருகிறார்கள், யாருக்கு எது ஆகாது என்று பேர் பேராக எழுதி ஆடி முடிவதற்குள் அனுப்பு. எண்ணிக்கை மட்டும் எழுதினால் எனக்குப் போதாது. பட்டியல் வந்த பிறகுதான் தேங்காய்க்குச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் அத்தை.